ஃபிளைட் மோடில் ஒரு நாவல்

கவென்ட்ரி நூலகத்தில் தமிழுக்கு ஒன்றரைத் தட்டு.
மீதி அரைத் தட்டில் குஜராத்தி சாய்ந்து நிற்கும்.
சர்க்கரை நோய்க்குச் சித்த வைத்தியம்,
முப்பது நாளில் கம்ப்யூட்டர்,
மைக்ரோவேவ் சமையல்,
முதல் பாகம் இல்லாத ஒரு நாவலின் இரண்டாம் பாகம்.
அதையும் படித்தேன்.
யார் யாரைக் கைவிட்டார்கள் என்று தெரியாமலே
ஐந்தாறு பேர்மேல் கோபப்பட்டேன்.

புத்தகம் தேர என்னிடம் ஒரு வழி உண்டு.
அட்டையை நம்புவதில்லை, பின்னட்டையை அறவே இல்லை.
நாற்பதாம் பக்கத்தைத் திறப்பேன்.
முதல் பக்கத்தில் எல்லோரும்
குளித்துப் பவுடர் போட்டு நிற்பார்கள்;
நாற்பதில்தான் நைட்டியும் கைலியுமாக நடமாடுவார்கள்.
நின்றபடி படித்து, என்னையறியாமல்
நாற்பத்தொன்றுக்குப் புரட்டிவிட்டால்
பையில் போடுவேன்.

பிரிஜெட்டிடம் சொன்னேன். சிரித்தாள்.
என் போனை வாங்கி நூலகத்தின் ஆப்பை இறக்கித் தந்தாள்.
அதிலும் தமிழ் இருந்தது.
நாற்பதாம் பக்கம்தான் இல்லை.
எழுத்தைப் பெரிதாக்கினால் நாற்பது எண்பதாகிறது,
சிறிதாக்கினால் இருபத்தாறு.
எடைக்கல் தொலைத்த தராசோடு
ஒரு நாவலைத் தொட்டேன்.

ஒரே ஒரு பிரதி.
எனக்கு முன்னால் ஆறு பேர்.
தாள் இல்லை, மை இல்லை, தைத்த முதுகு இல்லை,
இதற்கு எதற்கு வரிசை?
ரேஷன் கடையிலாவது மண்ணெண்ணெய் தீரும்.
"உரிமம்" என்றாள் பிரிஜெட்,
ஊரில் பெய்யும் மழைக்கெல்லாம்
தானே பொறுப்பு என்ற முகத்தோடு.

ஆனால் ஆறு பேர்!
இந்த ஊரில் தமிழ் படிக்கிறவர் ஆறு பேர்.
ஃபோல்ஸ்ஹில் ரோட்டில்
முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பவரோ,
பல் டாக்டரோ,
மூன்று வாரமாகச் சர்ச்சுக்கு வராத ஷீபாவோ.

சித்திரையில் கேட்டது ஆவணியில் வந்தது,
முதியோர் இல்லத்து இரவு ஷிப்டில், இரண்டு பத்துக்கு.
இருபத்தொரு நாள் கெடு.
முதல் வாரம் மிஸ்டர் ஆல்காக்குக்கு நெஞ்சுச் சளி.
இரண்டாம் வாரம் இரட்டை ஷிப்ட்.
மூன்றாம் வாரம் எனக்கே காய்ச்சல்.
கடைசி இரவு
முப்பத்தொரு சதவீதம் பாக்கி.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு
ஃபிளைட் மோடைப் போட்டேன்.
தொடர்பறுந்த போனுக்கு நள்ளிரவு தெரியாது.
திருட்டு என்றால் திருட்டுதான்.
மூன்று இரவு.
சாவியை மறந்த பொன்சிங் அழைத்தது வரவில்லை;
காரிலேயே தூங்கியிருக்கிறான்.
அக்கா அனுப்பும் குட்மார்னிங் ரோஜாக்களும் வரவில்லை,
அது லாபம்.

மூன்றாம் இரவு நாலு நாற்பதுக்கு முடித்தேன்.
முடிவு பிடிக்கவில்லை.
ஆனாலும் கடைசி வரியிலிருந்து
கட்டைவிரலை எடுக்க மனம் வரவில்லை.
பிறகு தொடர்பை விட்டேன்.
எட்டுத் தவறிய அழைப்புகள்.
புத்தகம் கண்ணெதிரே சாம்பல் பூத்து
அட்டை மட்டும் நின்றது.

சனிக்கிழமை பிரிஜெட்டிடம் ஒப்புக்கொண்டேன்.
அபராதம் எவ்வளவு? எனக்குப் பின்னால் நின்றவரை
காக்க வைத்துவிட்டேனே.
அவள் திரையைத் திருப்பினாள்,
பெயர் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு.
செவ்வாய் நள்ளிரவே அது அவருக்குப் போயிருக்கிறது.
என் போனில் ஒன்று தங்கியது
இந்தக் கணினிக்குத் தெரியவே தெரியாது.

அப்படியென்றால் அந்த மூன்று இரவும்
ஒரே பிரதியை இரண்டு பேர் படித்திருக்கிறோம்.
நான் சொத்து வழக்கின் தீர்ப்பில் நின்றபோது
அவர் முதல் அத்தியாயத்துக் கல்யாணத்துக்குப்
பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்திருப்பார்.
அந்த மாப்பிள்ளையை நம்பாதீர்கள் என்று
சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் எதிரே ஒருவர்
போனைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறார்.
எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறாரோ,
நாற்பதாம் பக்கம் அவருக்கு
எங்கே வருகிறதோ.